கிழக்கே வளரும் பூஞ்சை

ஐயா,

தாங்கள் கேட்ட புதுப் பூஞ்சையின் விவரம் இதுதான். பண்ணையாரை எதிர்த்து நடந்த கூலிப் போராட்டத்தில் காணாமல் போன அய்யாக்கண்ணுவின் மனைவி எல்லையம்மாள், ரோட்டோரம் கிடந்த அவருடைய அரிவாளோடு நம் நீடாமங்கலம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

"இதுல ஒட்டியிருக்கிற மண்ணு எந்த இடத்து மண்ணுன்னு சொல்லுங்க சார். பம்பாய்க்கு ஓடிட்டாருங்குது போலீசு. பக்கத்துத் தெருவுக்குப் போவவே அலுத்துக்கிற மனுசன் சார்."

இடத்தைச் சொல்ல இயலாது என்றேன். அந்த அம்மாள் நகரவில்லை. மண்ணைக் கண்ணாடித் தட்டில் இட்டு வளர்த்தேன்.

முளைத்த பூஞ்சை, தெரிந்த எந்த இனத்திலும் சேரவில்லை. மற்றவை வட்டமாகப் பரவும். இது கிழக்கே மட்டும் பரவியது. தட்டைத் திருப்பி வைத்தாலும் மறுநாள் கிழக்கேதான் வளர்ந்தது.

அது வளர்ந்த பக்கமாகத் தட்டோடு தினமும் சிறிது தூரம் இருவரும் வரப்பில் நடந்தோம். பண்ணையாரின் களத்தைத் தாண்டியதும் மேற்கே வளரத் தொடங்கியது. திரும்பி வந்து, களத்தின் நடுவில் வைக்கோலுக்கடியில் தட்டை மறைத்து வைத்தோம்.

மறுநாள் பூஞ்சை எல்லாப் பக்கமும் சமமாக, நல்ல வட்டமாகப் பரவியிருந்தது.

"இந்த அறுப்புக்கும் இங்கதான் சார் நெல்லடிச்சேன்" என்றார் எல்லையம்மாள், தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல்.