ஆயுசு

துரைமார்கள் கப்பலேறிப் போன பிறகும், அவர்களைப் போல முதுகில் மூட்டையோடு மேகேதாட்டுப் பள்ளத்தாக்கில் மூன்று நாள் நடக்கும் ஆசை மல்லேஸ்வரம் சௌரிராஜனை விடவில்லை. ஆசைதான் அவனுடையது; மூட்டை இரண்டும் மனைவி பத்மாசனியின் முதுகில்.

முதல் நாளே அவன் வழுக்குப் பாறையில் கால்வைக்கப் போக, பதறிப்போய், "சௌரிராஜன்!" என்று கத்திவிட்டாள்.

"கட்டின புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடறியா, மண்டு? என் ஆயுசு குறையணுமா?" என்று எரிந்து விழுந்தான்.

கடைசி நாள், குறுக்குவழி தனக்குத் தெரியும் என்று தனியே போனவன் திரும்பவில்லை.

வனக்காவலர் ஓடிவந்தார். "சாரோட பேரு சொல்லும்மா, பேகா, சீக்கிரம்! கத்திக் கூப்பிடறேன்!"

பத்மாசனி மூட்டைகளை இறக்கினாள். நிதானமாகப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"ஐயையோ, நான் சொல்லப்படாது. அவர் ஆயுசு குறைஞ்சுடும்."