பதினேழாம் நம்பர் குடும்பம்

காப்புரிமை விண்ணப்பத்தில் இருந்த ஒரே நல்ல உதாரணத்தை இன்ஜினியர் அக்கா அடித்துவிட்டாள். அதுவும் விண்ணப்பம் போகிற அன்றைக்குக் காலையில்.

முதலாளிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

விஷயம் இதுதான். மருத்துவப் பதிவுகளை பிளாக்செயினில் போட்டுவிட்டால் அப்புறம் யாரும் திருத்த முடியாது. அதைச் செயற்கை நுண்ணறிவு படித்து, எங்கே உதைக்கிறது என்று சொல்லும். இரண்டையும் சேர்த்தது அக்காவின் வேலை. சோதித்துப் பார்க்க, ஆபீசில் ஒருத்தர் பாக்கியில்லாமல் வீட்டுப் பதிவுகளைக் கொடுத்தார்கள். பேர் கிடையாது, நம்பர் மட்டும். இருபத்திரண்டு குடும்பத்தில் ஒன்றே ஒன்றை, பதினேழை, மெஷின் ‘பொருந்தவில்லை’ என்றது.

விண்ணப்பம் எழுதுகிற வக்கீலம்மாவுக்கு அது போதும். அந்த வீட்டு மூன்று பேரின் ரத்த வகையையும் போட்டு விவரமாக எழுதினால் காப்புரிமை கிடைத்த மாதிரிதான், இல்லாவிட்டால் கஷ்டம் என்றார்.

“அது மெஷின் பண்ணின தப்பு சார்,” என்றாள் அக்கா முதலாளியிடம்.

“மத்த இருபத்தோரு வீட்டுக்கும் சரியா சொன்னது, இது மட்டும் தப்பா?”

“ஆமா சார்.”

“அப்போ நீ செஞ்சது உருப்படாத மெஷின். அப்படித்தானே?”

“அப்படியே வெச்சுக்குங்க.”

முதலாளி குரலைக்கூட உயர்த்தவில்லை. “மாசக் கடைசி வரைக்கும் வா. அப்புறம் வேற எடம் பாத்துக்கோ.”

மெஷின் ரகசியத்தை வேறு கம்பெனிக்கு விற்றிருப்பாள் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை.

மெஷின் தப்புப் பண்ணவில்லை. மூன்று தடவை சரிபார்த்துவிட்டாள். அப்பா ஏபி, பெண் ஓ. அந்த அப்பாவுக்கு அந்தப் பெண் பிறந்திருக்க முடியாது.

எந்த நம்பர் யார் வீடு என்ற பட்டியல் அவளிடம் மட்டும்தான் இருந்தது. சாயங்காலம் அதை எடுத்துப் பதினேழுக்கு நேரே இருந்த பேரை இன்னொரு முறை படித்தாள். பொடிப்பொடியாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனாள்.

கீழே முதலாளி முட்டிபோட்டு உட்கார்ந்து, ஸ்கூல் விட்டு வந்த மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.