போனைத் திறங்க

“எல்லாம் சரி. கடைசியா உங்க போனைத் திறந்து இப்படி வைங்க,” என்றார் முதலாளி.

அவள் புரியாமல் பார்த்தாள். அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குக் கணக்கு எழுதும் வேலைக்குத்தான் வந்திருந்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பட் பட்டென்று பதிலும் சொல்லியாகிவிட்டது.

“போன் எதுக்கு சார்?”

“போன மாசம் இங்க ஒருத்தன் என்னைப் பத்திக் கண்டபடி யாருக்கோ மெசேஜ் அனுப்பிட்டு இருந்தான். அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டேன். இனிமே யாரைச் சேர்த்தாலும் மெசேஜைப் பார்த்துட்டுத்தான்.”

“சார் சொல்றது நியாயம்தானேம்மா,” என்று ஒத்து ஊதினார் பக்கத்தில் இருந்த மேனேஜர். முதலாளி தும்மினால்கூட நல்ல தும்மல் என்பவர் அவர்.

அவளுக்குப் பழைய வேலை போய் எட்டு மாதம். அக்கா வீட்டில், அத்தான் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட வேண்டியிருந்தது.

“என் படிப்பு, அனுபவம், எதை வேணா கேளுங்க சார். இது சொந்த விஷயம்.”

“மறைக்க என்ன இருக்கு?”

“என்னோடது ஒண்ணும் இல்ல சார். நாலு பேர் என்னை நம்பிச் சொன்னது இதுல இருக்கு. நேர்ல முகம்கூடப் பார்க்காதவங்க எல்லாம் மனசு விட்டுப் புலம்பியிருக்காங்க. அதைக் காட்ட எனக்கு உரிமை இல்ல.”

“அப்ப வேலையும் இல்ல.”

“பரவாயில்ல சார்.” கண்ணில் நீர் முட்ட, சான்றிதழ்களை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“திமிரைப் பாத்தீங்களா?” என்றார் முதலாளி.

“ரொம்பத் திமிர் சார்,” என்ற மேனேஜரின் கட்டைவிரல் மேசைக்கு அடியில் தன் போனில் ஓடியது. ‘எங்க சிடுமூஞ்சி இன்னைக்கும் தங்கமான ஒரு பொண்ணை விரட்டிடுச்சு.’ நேரில் பார்த்திராத சிநேகிதிக்கு அதை அனுப்பிவிட்டு, முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டார்.

கதவைத் திறக்கப்போனவளின் போன் ‘டிங்’ என்றது. படித்தாள். திரும்பி மேனேஜரைப் பார்த்தாள். அவருக்குக் குப்பென்று வியர்த்தது.

“யாரு மெசேஜ்? இதையாவது காட்டும்மா,” என்றார் முதலாளி.

“சொந்த விஷயத்தை நாம கேட்கவே கூடாது சார். ரகசியம் காக்கிற இந்த மாதிரி ஆள்தான் நம்ம கணக்குக்கு வேணும், இவங்களையே எடுத்துக்கலாம்,” என்று முதல் முறையாக முதலாளியை மறுத்துப் பேசினார் மேனேஜர்.