முந்திரிக்கொட்டை

"அந்த முந்திரிக்கொட்டை கையில இந்த வருஷமும் மைக் போச்சுன்னா, நீங்க வேற செயலாளரைப் பாத்துக்குங்க. நான் என் தையல்கடையைப் பாத்துக்கிட்டுப் போறேன்."

தையல்கடைக்காரி இப்படிச் சொன்னதும் விழாக் கமிட்டி கப்சிப். அவள் இல்லாவிட்டால் நாட்டுப்பாட்டு விழாவே இல்லை. மண்டபத்துக்கு அலைவது, நாற்காலிக்காரரோடு மல்லுக்கட்டுவது, பாதி தைத்த துணியை அப்படியே போட்டுவிட்டுக் கடைகடையாக ஏறி நன்கொடை கேட்பது எல்லாம் அவள்தான்.

முந்திரிக்கொட்டை என்று அவள் சொன்னது பின்பாட்டுக்காரரை. முன்பாட்டு அவருடைய அக்கா. ஊர் முழுக்கவே அந்த அம்மாளுக்குப் பெரியக்கா என்றுதான் பேர்.

முன்பாட்டு ஒரு வரி பாடினால் பின்பாட்டு அதைத் திருப்பிப் பாட வேண்டும். அவ்வளவுதான் வேலை. இந்த மனுஷனோ ரெண்டு வருஷமாக, பெரியக்கா ஒரு வரி முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வரியின் தலையைப் பிடித்து இழுத்துவிடுகிறார். ஜனங்கள் சிரித்தார்கள். பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான்.

சிரித்துவிட்டுப் போகட்டும் என்று மற்ற வருஷம் போல விட முடியாது. இந்த முறை வானொலிக்காரர்கள் வருகிறார்கள். மகளைத் தேடிப் போகும் தாயின் பாட்டைப் பதிவு செய்யப் போகிறார்கள். தையல்கடைக்காரியின் அம்மா செத்த வருஷம், கல்லாகக் கிடந்தவளை அழவைத்தது அந்தப் பாட்டுதான். அதில் பெரியக்காவின் குரல் மட்டும் சுத்தமாக விழ வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

நேரிலேயே போய்ச் சொல்லிப் பார்த்தாள். பின்பாட்டுக்காரருக்கு வீட்டு முன்னறையிலேயே சைக்கிள் கடை. டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தத் தடவை கொஞ்சம் அடக்கி வாசிங்க. நாலு பேர் சிரிக்கிறாங்க."

அவர் கோபப்படவில்லை. "சிரிச்சா சிரிக்கட்டும் தங்கச்சி. மைக்கை மட்டும் எடுத்துடாதீங்க."

"அப்படி என்னண்ணே மைக் மேல ஆசை?"

அவர் டியூபை மறுபடியும் தண்ணீரில் அமுக்கினார். உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியக்கா இவளைப் பார்த்து, "வாம்மா" என்று வாய்நிறையச் சிரித்தார். எப்போதும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர், அன்றைக்குக் கூப்பிடவில்லை. தம்பியைக் குறை சொன்னது காதில் விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தபடி படி இறங்கினாள்.

சொல்லித் திருந்தாத ஆளை வேறு விதமாகத்தான் சமாளிக்க வேண்டும். விழா அன்று மைக்செட்காரர் காதில் ரகசியமாகச் சொன்னாள். பின்பாட்டுக்காரர் கையில் மைக் கொடுத்துவிடு, ஆனால் அதைப் போடாதே. படம் எடுக்க நன்றாக இருக்கும் என்று சாக்குச் சொல்லி, அவரைப் பின்னால் தள்ளி மேளக்காரர் பக்கத்தில் நிறுத்தினாள். அவரும் போய் நின்றார்.

பெரியக்கா ஆரம்பித்தார்.

"ஆத்தைக் கேட்டேன், அறியேன்னு ஓடிப்போச்சு...
மரத்தைக் கேட்டேன், இலை உதிர்த்து அழுதிருச்சு..."

பின்னால் தம்பியின் வாய் அசைந்தது. குரல் மேளத்தைத் தாண்டி வரவில்லை. வானொலிக்காரர் காதில் கருவியை மாட்டியபடி திருப்தியாகத் தலையாட்டினார். மேடைப் படியில் நின்ற தையல்கடைக்காரிக்குக் கண் கலங்கியது. அப்பாடா, ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது.

"காத்தைக் கேட்டேன்..."

பெரியக்கா நிறுத்தினார். மறுபடியும், "காத்தைக் கேட்டேன்..." என்றார். மேளம் ஒரு சுற்று வாசித்துப் பார்த்துவிட்டு அடங்கியது. பாட்டே அப்படித்தான் போலிருக்கிறது என்று சபை கொஞ்ச நேரம் பொறுத்திருந்தது. பிறகு அங்கங்கே கசமுசா.

பின்பாட்டுக்காரர் மைக்கை விரலால் தட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. படியில் நின்றவளை ஒருமுறை பார்த்தார். பிறகு முன்னால் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரியக்கா தன் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி மெதுவாகக் கேட்டார். படியில் நின்றவளுக்கு மட்டும் அது கேட்டது.

"தம்பி, நான் யாரைடா தேடறேன்?"

"மகளை, அக்கா."

"எனக்கு மக இருக்காளா?"

"பாட்டுல அக்கா. பாட்டுல."

தையல்கடைக்காரிக்கு அப்போதுதான் விளங்கியது. ரெண்டு வருஷமாக இந்த மனுஷன் அக்காவுக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஊர் சிரித்ததையெல்லாம் தன் தலையில் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த மைக்கையா பிடுங்கினேன், பாவி.

நடுவரிசையிலிருந்து ஒரு குரல்: "என்ன முந்திரிக்கொட்டை, இன்னைக்கு முந்தலையா?" கூட்டம் சிரித்தது.

அவள் புடவை தடுக்க மைக்செட்காரரிடம் ஓடினாள். "போடுப்பா. அவர் மைக்கைப் போடு."

மைக்குக்கு உயிர் வந்தது. மண்டபம் முழுக்க முதலில் கேட்டது இதுதான்:

"எல்லாரும் மன்னிக்கணும். அக்கா சரியாத்தான் நிறுத்தினாங்க. அடுத்த வரி நான் எடுக்கவேண்டியது. நான்தான் மறந்துட்டேன்."