தன் குரல்

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா, யாரு கேக்குறது?”

எப்போதோ ஒரு குழந்தை கேட்ட இந்தக் கேள்வியிலிருந்துதான் தன் கண்டுபிடிப்பு பிறந்தது என்று ரேடியோப் பட்டறைக்காரர் சொன்னதும், காப்புரிமை அதிகாரி பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

“குழந்தைக் கேள்விக்கும் மோடத்துக்கும் என்னங்க சம்பந்தம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

“ஒரே டெலிபோன் கம்பியில ரெண்டு கம்ப்யூட்டரோட மோடம் பேசிக்குது சார். இது பேசறப்போ, இதோட சத்தமே லைன்ல மோதித் திரும்பி வந்து இது காதையே அடைச்சிடும். அந்தப் பக்கத்துலேருந்து வர்ற சன்னமான குரல் அதுல அமுங்கிப் போயிடும். அதனாலதான் இத்தனை நாளா ஆளுக்குப் பாதி வழின்னு பிரிச்சுக் குடுத்து, மெதுவா பேச வச்சோம்.”

“உங்க சர்க்யூட் என்ன பண்ணுது?”

“தான் என்ன பேசினோம்னு அதுக்குத் தெரியுமில்ல சார்? காதுல விழறதுலேருந்து தன் குரலை மட்டும் கழிச்சிடுது. மிச்சம் நிக்கிறது அடுத்தவங்க குரல்.”

அதிகாரி சிரித்தார். “இதை மோடத்துக்கு மட்டும் ஏன் வச்சீங்க? எங்க ஆபீசுல பாதிப் பேருக்கு மாட்டலாமே.”

விசாரணைக் கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. எதிர் நாற்காலியில் இருந்த பெண் பொறியாளரும் சிரிக்கவில்லை.

சிக்கல் அவர்கள் இருவருக்கும் இடையில்தான். ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் அந்த அம்மாளும் இதே வேலையைச் செய்யும் சர்க்யூட்டைக் கண்டுபிடித்து மனுப் போட்டிருந்தார். பட்டறைக்காரர் மனு சில நாள் முந்தியது. உரிமை கிடைத்தால் அவர் தலையெடுத்துவிடலாம்; போனால் பழையபடி ரேடியோ ரிப்பேர். அந்த அம்மாளுக்கோ, தோற்றால் திருட்டுப் பட்டம் கட்டி கம்பெனி வெளியே அனுப்பிவிடும்.

பட்டறைக்காரரின் வக்கீல் அவர் காதைக் கடித்தார். “ரெண்டு பேரும் முன்னாடி ஒண்ணா வேலை பார்த்தோம், அப்ப திருடிட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கேஸ் முடிஞ்சுது.”

“ஒண்ணா வேலை பார்த்ததில்லையே.”

“அப்புறம் எப்படித் திருடினாங்க?”

“திருடலை.”

“நீங்க பேசறதைப் பார்த்தா, அவங்களுக்கு வக்கீல் தேவையே இல்ல போலிருக்கு” என்று வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதிகாரி எதிர்ப்பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க மேடம். உங்களுக்கு இந்த யோசனை எப்படி வந்தது?”

அந்த அம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னார். “அதே கேள்விதான் சார். ஒரு குழந்தை கேட்டுச்சு.”

“சரிதான். ஒரே குழந்தை வீடு வீடாப் போய்க் கேட்டுச்சாக்கும்.” அதிகாரியின் குரலில் கேலி ஏறியது. “அந்தக் குழந்தையைக் கூட்டிட்டு வாங்களேன். அதுக்கே உரிமையைக் குடுத்துடலாம்.”

“குழந்தையை இதுல இழுக்க வேண்டாம் சார்” என்றார் அந்த அம்மாள்.

பட்டறைக்காரர் எழுந்தார். “கடவுள் ஒரு நல்ல கேள்வியை ரெண்டு பேர் காதுல போடக் கூடாதா சார்?”

“கடவுள் போடலாம். நான் ஒருத்தர் பேருக்குத்தான் உரிமை போட முடியும்” என்றார் அதிகாரி. “எனக்குத் தேதிதான் கணக்கு. டீ குடிச்சிட்டு வாங்க. வந்ததும் உத்தரவு போட்டுடறேன்.”

வக்கீலுக்கு வாயெல்லாம் பல். ஜெயித்துவிட்டோம் என்று பட்டறைக்காரர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனார். போகிற போக்கில் ஒரு கணம் நின்றார்.

“நீங்களும் போய் ஏதாவது சாப்பிடுங்க. வெறும் வயித்தோட உக்காந்திருக்காதீங்க.”

“எதிராளி உபசாரம் பலமா இருக்கே” என்று சிரித்துக்கொண்டே வக்கீலும் டீ குடிக்கப் போனார்.

கூடம் காலியானது. மின்விசிறி மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் ஒரு தாளை எடுத்தார். தன் மனுவைத் திரும்பப் பெறுவதாகவும், எதிர்த்தரப்பு தன்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை, அது அவர் சொந்தமாகக் கண்டது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரியின் மேஜைமேல் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் அதை வைத்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கினார்.

இறங்க இறங்க அந்த நாள் நினைவுக்கு வந்தது. குழந்தை அப்படிக் கேட்டதும், அவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தவள் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள். அவர் நிறுத்தவில்லை. கத்திக்கொண்டே போனார். எதிர்க்குரல் இல்லாத அந்த வீட்டில், தன் குரல் எத்தனை பெரிய இரைச்சல் என்பது அன்றுதான் அவர் காதிலேயே விழுந்தது. அந்த மௌனத்தை அவள் கொடுத்திருக்காவிட்டால் இந்த சர்க்யூட் ஏது? அதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல்தான் அவர் பிரிந்து வந்திருந்தார்.

மாடியில் மணி அடித்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. அவருக்கு எதிர் நாற்காலியில் இந்நேரம் வந்து உட்கார்ந்திருப்பாள், அவர் மகளின் அம்மா.