அடுத்த வாய்தா

கவுஸ் பாஷாவின் ‘காசிம் பீவி ஊறுகாய்’ கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். அதே பெயரில் சென்னையில் ஒருவன் கம்பெனி பதிவு செய்து, இணையதள முகவரியையும் வாங்கி வைத்துக்கொண்டான். அதனால்தான் இந்த வழக்கு.

அன்று கோர்ட் வராந்தாவில் வக்கீல் கலையரசி சிரித்துக்கொண்டே வந்தார்.

“பாய், எதிர்பார்ட்டி எறங்கி வந்துட்டாரு. கம்பெனி பேரை மாத்திக்கிறாராம், இணையதளத்தையும் உங்களுக்கே எழுதிக் குடுத்துடுறாராம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா இன்னியோட முடிஞ்சுது.”

“வேணாம் வக்கீலம்மா. கேஸ் நடக்கட்டும்.”

“இன்னா பாய் இது? பேரைக் காப்பாத்தணும்னுதானே வந்தீங்க? அதான் கெடைச்சிடுச்சே.”

“கெடைச்சிட்டா அப்புறம் அவன் எதுக்கு இந்தப் பக்கம் வரப்போறான்?”

கலையரசி புரியாமல் பார்த்தார். வராந்தாவின் மறுகோடியில் எதிர்பார்ட்டி சுஐப் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். பாஷா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காசிம் பீவி என் பொண்டாட்டி, அவனோட அம்மாம்மா. அவ மவுத்தாகி அடக்கம் பண்ணதுல இருந்து வூட்டுப் பக்கமே வரல. ரம்ஜானுக்குக்கூட வராத புள்ள, வாய்தாவுக்கு மட்டும் தவறாம வர்றான்.”