மூன்றாவது திட்டம்

மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து முடிக்கும்வரை, வீட்டில் எழும் ஒவ்வொரு சத்தத்தையும் நிறுவனத்தின் கருவி கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு இருமல் கேட்டால் போதும், நுரையீரல் சிகிச்சைக்கு உதவும் மூன்றாவது திட்டம் திரையிலிருந்து மறைந்துவிடும்.

பெருங்களத்தூர் ஃபிளாட்டில் தணிகாசலம் திட்டங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மனைவி அமுதவல்லி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அவரும் பின்னாலேயே போய் மிக்ஸியைப் போட்டார். அந்த இரைச்சலுக்குள் அவள் இருமித் தீர்த்தாள்.

திரையில் மூன்றாவது திட்டம் அப்படியே இருந்தது.

"மூன்றாவது திட்டத்துக்கு அம்மாவும் சம்மதம் சொல்லணும் சார்," என்றாள் திரையில் தெரிந்த ஏஜென்ட் நஸ்ரின்.

அமுதவல்லி கண்ணில் நீர் முட்ட வந்து உட்கார்ந்தாள். மூச்சை அடக்கி, "சம்மதம்" என்றாள்.

நஸ்ரின் அவள் முகத்தையே பார்த்தாள். நஸ்ரின் பதிவை முடித்துவிட்டு, கருவியை அணைத்தாள்.

"இனிமே இருமுங்கம்மா," என்றாள் மெதுவாக.